கிட் இல்லாமல் சிறு அளவுப் போர்க்கப்பல் மாதிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய போர்க்கப்பல் ஒன்றை, பாகங்கள் தயாராக வரும் கிட் எதுவும் வாங்காமல், வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு கையடக்கமாகச் செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. ‘சிறு அளவு’ என்று இங்கே சொல்வது 1:192, அதற்கும் கீழே. அதாவது நிஜக் கப்பலின் 16 அடி, மாதிரியில் 1 அங்குலம். பாய்மரக் காலக் கப்பல்களைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். இரும்புக் கப்பல்களுக்கு ஒரு கேள்வி ஒதுக்கியிருக்கிறது.

கிட்டில் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கிட்டில் முடிவுகளையெல்லாம் வேறு யாரோ எடுத்து முடித்திருப்பார்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டின் தோற்றம், எந்தக் கயிறு வேண்டும், எது வேண்டாம் எல்லாமே பெட்டிக்குள் இருக்கும். நீங்கள் பொருத்தினால் போதும். சொந்தமாகச் செய்யும்போது அத்தனை முடிவும் உங்கள் தலையில் விழும். அதிலும் சிறு அளவில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இதைச் செய்வதா, விடுவதா? நிஜக் கப்பலில் இருக்கும் சாமான்களில் பெரும்பாலானவை இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. அவற்றையும் சேர்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், ஒவ்வொன்றும் இருக்க வேண்டியதைவிடத் தடித்துப்போய், கப்பல் பொம்மையாகிவிடும். கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

மரவேலை தெரியாதே, பரவாயில்லையா?

பரவாயில்லை. அளந்து, குறித்து, குறித்த கோட்டில் நிறுத்தத் தெரிந்தால் போதும். கூர்மையான கத்தி, சின்ன அரங்கள், உப்புத்தாள், விரலால் சுழற்றும் சின்னத் துளைப்பான், நல்ல சாமணம் இரண்டு, ஒரு வெர்னியர். முதல் கப்பலை இவற்றை வைத்தே முடித்துவிடலாம். கடைசல் எந்திரம் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் டிரில் எந்திரத்தில் பித்தளைக் கம்பியை மாட்டிச் சுழலவிட்டு அரத்தால் கடையலாம்.

முதல் கப்பலாக எதை எடுப்பது?

எல்லோரும் கேட்பது பிரிட்டிஷ் கடற்படையின் எச்.எம்.எஸ். விக்டரியைத்தான். வேண்டாம். 104 பீரங்கிகள், மூன்று பீரங்கித் தளங்கள், பின்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகச் சன்னல்கள். பாதியில் நின்றுபோன விக்டரிகளுக்குக் கணக்கே இல்லை.

நான் சொல்வது இரண்டு பாய்மரம் உள்ள பிரிக் வகை. பிரிட்டிஷ் கடற்படையின் குரூசர் வகைக் கப்பல்கள் அருமையான தொடக்கம். வில்லியம் ரூல் 1796இல் வடிவமைத்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். பீரங்கித் தளம் 100 அடி நீளம். 1:192இல் உடல் சுமார் 16 செ.மீ. 18 பீரங்கிகளில் 16 குட்டையான கேரனேடுகள், எல்லாமே திறந்த மேல்தளத்தில். தளமும் அணியம் என்னும் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே மட்டம். அடுக்கு மேல் அடுக்காக உள்ளே எதையும் கட்ட வேண்டாம்.

டார்வின் பயணம் செய்த பீகிளும் பிறவியில் போர்க்கப்பல்தான். செரோக்கி வகை, 10 பீரங்கி பிரிக், 1820இல் நீரில் இறங்கியது. ஆனால் முதல் ஆய்வுப் பயணத்துக்கு முன்பே மூன்றாவது பாய்மரம் சேர்த்துவிட்டார்கள். பீகிள் செய்கிறேன் என்றால் எந்த பீகிள் என்ற கேள்வி உடனே வரும்.

கப்பலைத் தேர்ந்தெடுத்த பிறகு ஆண்டையும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஒரு போர்க்கப்பல் முப்பது நாற்பது ஆண்டு உழைத்தால் அதற்குள் பல முறை முகம் மாறியிருக்கும். விக்டரி 1765இல் சாத்தமில் நீரில் இறங்கியபோது பின்பக்கத்தில் திறந்த மாடங்கள் இருந்தன. 1800 முதல் 1803 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் அவற்றை மூடிவிட்டார்கள். 1805இல் டிரஃபால்கரில் போரிட்டது மூடிய பின்பக்கத்தோடுதான். ஆகவே திறந்த மாடமும் டிரஃபால்கர் காலத்து மஞ்சள் கறுப்புப் பட்டைகளும் ஒரே மாதிரியில் இருந்தால், அப்படி ஒரு கப்பல் எந்த நாளிலும் இருந்ததில்லை.

அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் இன்னும் வேடிக்கை. 1797இல் நீரில் இறங்கியபோது முகப்பில் ஹெர்குலிஸ் சிலை. 1804இல் இன்னொரு கப்பலோடு மோதியதில் அது சேதமானது. 1812 போரின்போது வெறும் சுருள் செதுக்கல்தான். 1834இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் சிலையை வைத்தார்கள். அவரைப் பிடிக்காத ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து தலையை அறுத்துக்கொண்டு போய்விட்டார்! முகப்புச் சிலையைப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிடலாம்.

கொடியும் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனின் யூனியன் கொடியில் அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குக்கோடு சேர்ந்தது 1801 தொடக்கத்தில். அமெரிக்கக் கொடியில் 1795 முதல் 1818 வரை 15 நட்சத்திரம், 15 பட்டை. 1812ஆம் ஆண்டின் கான்ஸ்டிடியூஷனில் 13 பட்டைக் கொடியை ஏற்றினால், கொடி தெரிந்தவர் வேறு எதையும் பார்க்க மாட்டார்.

அசல் கப்பலே இன்றும் நிற்கிறதே, அதைப் பார்த்துச் செய்தால் போதாதா?

உதவும், போதாது. போர்ட்ஸ்மவுத்தில் விக்டரி, பாஸ்டனில் கான்ஸ்டிடியூஷன், ஹார்ட்டில்பூலில் டிரிங்கோமலி (1817இல் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது) மூன்றும் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே பலமுறை புதுப்பிக்கப்பட்டவை. விக்டரியின் நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களில் பளிச்சென்ற காவி மஞ்சள். பழைய வண்ணப் பூச்சின் அடுக்குகளை ஆராய்ந்த பிறகு 2015இல் வெளிறிய, லேசான இளஞ்சிவப்பு ஓடும் மஞ்சளுக்கு மாற்றினார்கள்.

சுவீடனின் வாசா வேறு மாதிரி. 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961இல் வெளியே வந்தது. நடுவில் யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. மரம் அப்படியே இருந்தது, நிறம் போய்விட்டது. முதலில் பின்னணி நீலம் என்று நினைத்தார்கள். பிறகு ஆராய்ச்சியில் சிவப்பு என்று தெரிந்தது. நீல வாசா மாதிரிகளைப் பார்த்தால் பழைய கணிப்பில் செய்தவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த ஸ்கேல் நல்லது?

விக்டரியை வைத்தே சொல்கிறேன். முகப்புச் சிலையிலிருந்து பின் விளிம்பு வரை நிஜத்தில் 69 மீட்டருக்குச் சற்று மேல். 1:48இல் அது 1.44 மீட்டர். 1:96இல் 72 செ.மீ. 1:192இல் 36 செ.மீ. 1:1200இல் 5.8 செ.மீ.; சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

முடிவெடுக்க எளிய வழி, ஒரு மாலுமியை வெட்டிப் பார்ப்பது. 170 செ.மீ. உயர ஆள் 1:192இல் கிட்டத்தட்ட 9 மி.மீ., 1:1200இல் 1.4 மி.மீ. காகிதத்தில் அந்த உயரத்துக்கு ஓர் உருவம் வெட்டி மேசையில் நிறுத்துங்கள். அவர் பிடிக்கும் கயிறு, ஏறும் ஏணி, நிற்கும் பலகை எல்லாவற்றையும் உங்கள் கை செய்யுமா என்று அப்போது தெரிந்துவிடும். முதல் முறை என்றால் 1:192இல் நில்லுங்கள்.

வரைபடம் எங்கே கிடைக்கும்? எப்படிப் படிப்பது?

பிரிட்டிஷ் கப்பல்களுக்கு கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம்தான் பெரிய களஞ்சியம். கடற்படை நிர்வாகம் வரைந்த அசல் வரைபடங்கள் அங்கே இருக்கின்றன, நகல் வாங்கலாம். பெரும்பாலானவை 1:48இல் வரைந்தவை. 1:192க்கு நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் போதும். இந்த ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பதில் அது ஒரு சௌகரியம்.

தாளில் மூன்று படங்கள் இருக்கும். பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று. மேலிருந்து பார்க்கும் பாதி அகலப் படம் ஒன்று. இடமும் வலமும் ஒன்றே என்பதால் பாதி போதும். மூன்றாவது, உடலைக் குறுக்கே வெட்டிய கோடுகள். அதில் வலப்பாதி அணியத்தின் பக்கம், இடப்பாதி பின்பக்கம். வெங்காயத் தோல் மாதிரி கோட்டுக்குள் கோடாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு கோடும் பக்கவாட்டுப் படத்தில் எண்ணோ எழுத்தோ போட்ட ஒரு செங்குத்துக் கோட்டுக்கு உரியது. அதைத் தேடிப் பொருத்திப் பழகினால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தக் காலத்து வரைபடம் காட்டுவது விலாச்சட்டத்தின் வெளி விளிம்பை. மேலே அடிக்கும் பலகையின் தடிமன் அதில் சேராது. கட்டையைச் செதுக்கி வண்ணம் மட்டும் பூசுவதாக இருந்தால் அந்தத் தடிமனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம், நகலெடுக்கும் எந்திரத்தை நம்ப வேண்டாம். நீளத்தில் ஒரு சதவீதம், அகலத்தில் அரை சதவீதம் என்று தாறுமாறாக இழுத்துவிடும். தாளில் வரைந்திருக்கும் அளவுகோலை இரண்டு திசையிலும் வெர்னியரால் சரிபார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வரைபடத்தில் பாய்மரமே இல்லை. அதன் அளவை எங்கே தேடுவது?

உடல் வரைபடத்தில் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அதற்கு விதி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் வழக்கப்படி, பெரிய கப்பல்களில் பீரங்கித் தள நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுப் பாய்மரத்தின் அடித்துண்டு நீளம் வரும். விக்டரிக்கு 186 அடி, ஏறக்குறைய 52 அடி. பாதி 119 அடி. கனம், நீளத்தில் ஒவ்வொரு கஜத்துக்கும் 1 அங்குல விட்டம். ஆக 40 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 1:192இல் அது 5 மி.மீ. சொச்சம். அதற்கு மேல் நிற்கும் இரண்டாம் துண்டு அடித்துண்டில் ஐந்தில் மூன்று பங்கு. இப்படியே பாய் தொங்கும் பறுவான் கட்டைகளுக்கும் கணக்கு உண்டு.

அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய மாதிரியைப் பார்த்து நகலெடுக்கலாமா?

எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடற்படை நிர்வாகத்துக்காகச் செய்த மாதிரிகள், பெரும்பாலும் 1:48, ஆவணம் போலவே மதிக்கத்தக்கவை. நெப்போலியன் போர்களின்போது பிரிட்டனில் சிறையிருந்த பிரெஞ்சுக் கைதிகள் செய்த எலும்பு மாதிரிகளும் நிறைய இருக்கின்றன. சாப்பாட்டில் மிஞ்சிய ஆட்டெலும்பையும் மாட்டெலும்பையும் வேகவைத்துச் சீவிச் செய்தவை. கைவேலையில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கையில் வரைபடம் இல்லாமல் செய்ததால் அளவுகளும் சாயல்களும் கற்பனை கலந்தவை. ரசிக்கலாம், அளக்கக் கூடாது.

எந்த மரம்?

இழை நெருக்கமான, துளை தெரியாத மரம் எதுவும் சரி. பாக்ஸ்வுட் முதல் தரம்: கத்தி போன இடத்தில் மட்டும் வெட்டும், விளிம்பு உதிராது. பேரி மரம் அதற்கு அடுத்தது. மேல்தளத்துக்கு வெள்ளையான ஹோலி அழகு. உடலுக்கு லைம் செதுக்க இதமாக இருக்கும். பால்சா வேண்டாம், மிருது என்பதாலேயே விளிம்பு நிற்காது. தேக்கு, ஓக் இரண்டும் நிஜக் கப்பலுக்குத்தான் பொருத்தம். அவற்றின் துளைகள் இந்த ஸ்கேலில் கை நுழையும் அகலத்துக்குத் தெரியும். மெல்லிய பாய்மரத் துண்டுகளுக்கு மூங்கிலை மறக்க வேண்டாம். பொற்கொல்லர் கம்பி இழுக்கும் துளைத்தட்டில் மூங்கில் சிம்பை இழுத்தால் அரை மி.மீ.க்கும் கீழே உருண்டையாக வரும், சுலபத்தில் ஒடியாது.

உடலை எப்படிச் செய்வது?

மூன்று வழிகள் உண்டு: ஒரே கட்டையைச் செதுக்குவது, அடுக்குகளை ஒட்டிச் செதுக்குவது, ஏரா என்னும் அடிக்கட்டையும் விலாச்சட்டமும் வைத்துப் பலகை போர்த்துவது. மூன்றாவதை 1:192இலும் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் கப்பலுக்கு அடுக்கு முறையே போதும்.

பாதி அகலப் படத்தில் உள்ள ஒவ்வொரு நீர்மட்டக் கோடும், அந்த உயரத்தில் உடலைக் கிடையாக அறுத்தால் கிடைக்கும் வடிவம். இரண்டு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு உயரமோ அவ்வளவு தடிமனில் பலகை இழைத்துக்கொள்ளுங்கள். மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டில் எது வெளியே இருக்கிறதோ அந்த வடிவத்தில் அறுக்க வேண்டும். பெரும்பாலும் மேல் கோடுதான் வெளியே இருக்கும். பக்கங்கள் மேலே போகப் போக உள்வாங்கும் இடத்தில் மட்டும் கீழ்க் கோடு. எல்லாப் பலகையிலும் மையக் கோட்டையும் குறுக்கு வெட்டுக் கோடுகளின் இடத்தையும் பென்சிலால் குறித்து, இழை ஒரே திசையில் ஓடுமாறு ஒட்டுங்கள். பசையில் ஒரு சொட்டு கறுப்பு மை கலந்தால் பின்னால் நன்றி சொல்வீர்கள்.

இப்போது கையில் படிக்கட்டு போல ஒரு கட்டை இருக்கும். படிகளின் வெளிமூலைகளைச் சீவிக்கொண்டே போய், உள்மூலை மறையும் நேரத்தில் நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளிதான் கப்பலின் தோல். அதற்கு மேல் ஒரு சீவல் போனாலும் உடல் மெலிந்துவிடும். கறுப்புப் பசைக் கோடுகள் இப்போது உடல் முழுக்க வளைந்து ஓடும். அணியத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்தால் உடல் சமச்சீர். எங்கே ஒரு பக்கம் கோடு புடைக்கிறதோ அங்கே வேலை பாக்கி.

கடைசிக் கட்டத்துக்கு அட்டை அச்சுகள் வேண்டும். குறுக்கு வெட்டு ஒவ்வொன்றையும் அட்டையில் எதிர்வடிவமாக வெட்டி, அதன் விளிம்பில் மெல்லிய பென்சிலை அழுத்தித் தேய்த்து, உரிய இடத்தில் உடலோடு பொருத்தி லேசாக அசையுங்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உப்புத்தாளால் எடுத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி கரி ஒட்டும்வரை இதுதான் வேலை. அவசரப்படுபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உடல் தப்பானால் மேலே எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் அந்தக் கப்பலாகத் தெரியாது.

ஏரா, அணியக்கட்டை, பின்கட்டை மூன்றையும் தனிச் சட்டங்களாக ஒட்டுங்கள். மேல்தளத்தைச் சுற்றிய தடுப்புச் சுவரைக் கட்டையோடு சேர்த்துக் குடைய வேண்டாம். மெல்லிய மரச்சீவலை நனைத்து வளைத்து ஒட்டினால் சரியான தடிமனில் நிற்கும்.

பலகைக் கோடுகள், ஆணிகள், செப்புத் தகடு எல்லாம் காட்ட வேண்டுமா?

தளப் பலகை ஒன்று 10 அங்குல அகலம் என்று வைத்தால் 1:192இல் 1.3 மி.மீ. இதைக் காட்டலாம். பலகைகளுக்கு நடுவே கீல் அடைத்த இடைவெளி 0.03 மி.மீ.தான். சீவல்களின் விளிம்பில் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் போதும். கறுப்பு நூலோ காகிதமோ வைத்தால் தளம் கோடு போட்ட நோட்டாகிவிடும். ஆணிகளை விட்டுவிடுங்கள். செப்புத் தகடு நிஜத்தில் 4 அடிக்கு 14 அங்குலம். மாதிரியில் ஏறக்குறைய 6.4க்கு 1.9 மி.மீ. அளவு சிக்கலில்லை, தடிமன்தான் சிக்கல். மெல்லிய தாளில் வண்ணம் பூசி வெட்டி ஒட்டுவது, செப்புப் படலம் ஒட்டுவதைவிட உண்மையாக இருக்கும்.

பீரங்கிகள்?

32 பவுண்டு குண்டு சுடும் நீளப் பீரங்கி 9.5 அடி; 1:192இல் 15 மி.மீ. வாய்த் துளை 0.85 மி.மீ. பித்தளைக் கம்பியில் கடைந்து, முனையில் உண்மையாகவே துளை போடுங்கள். கறுப்புப் புள்ளி வைத்து ஏமாற்றினால் தெரிந்துவிடும். மூடிய தளங்களில் சக்கர வண்டி எதுவும் வேண்டாம். சாளரத்துக்குள்ளே இருட்டாக்கி, குழலின் முன்பாதியை மட்டும் செருகினால் போதும். எல்லாக் குழல்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று முன்னாலிருந்து பாருங்கள்.

கயிறுகளுக்கு நூலா, கம்பியா?

அந்தக் காலத்தில் கயிற்றைச் சுற்றளவால் குறிப்பிட்டார்கள். இதைக் கவனிக்காமல் விட்டமாக எடுத்துக்கொண்டால் எல்லாக் கயிறும் மூன்று மடங்கு தடித்துவிடும். 18 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய கயிறு விட்டத்தில் 146 மி.மீ.; 1:192இல் 0.76. சாதாரண 3 அங்குலக் கயிறு 0.13. தையல் நூல் பெரும்பாலும் இதைவிடத் தடிமன்.

பாய்மரத்தை நிலையாகப் பிடிக்கும் கயிறுகளுக்கு மெல்லிய கம்பியைச் சொல்வேன். செப்புக் கம்பியை லேசாக இழுத்தால் நேராகிவிடும். ஈரப்பதத்துக்குத் தளராது, பிசிறு கிடையாது. பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் போன்ற கயிறுகள் லேசாகத் தொய்ய வேண்டிய இடங்களில் கம்பியை வளைத்தே அந்தத் தொய்வைக் காட்டலாம். நூல்தான் பிடிக்கும் என்றால் பாலியஸ்டர் இழை எடுத்துத் தேன்மெழுகில் இழுங்கள், பருத்தி வேண்டாம். தலைமுடியை யோசித்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஈரக்காற்றில் முடி நீளும். ஈரப்பதம் அளக்கும் கருவியிலேயே முடியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் உங்கள் கப்பலும் அளக்க ஆரம்பிக்கும்.

நிலையான கயிறுகள் தார் பூசியவை. கறுப்பு கலந்த பழுப்பு. ஓடும் கயிறுகள் வெளிர் பழுப்பு. கீழிருந்து மேல், நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் கட்டினால் கை நுழைய இடம் இருக்கும். 12 அங்குலக் கப்பி 1:192இல் 1.6 மி.மீ.; மரத்தில் செய்யலாம். அதைவிடச் சிறியவற்றுக்குக் கயிற்றின் மேல் ஒரு சொட்டுக் கெட்டிப் பசை வைத்துக் காய்ந்ததும் வண்ணம் தொட்டால் கப்பிதான்.

ஏணிக் கயிறுகளைக் கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. வேறு வழி?

முடிச்சே போட வேண்டாம். மாலுமிகள் மிதித்து ஏறும் அந்தக் குறுக்குக் கயிறு நிஜத்தில் சுமார் 12 மி.மீ. கனம், மாதிரியில் 0.06. முடிச்சுப் போட்டால் அந்த இடம் மட்டும் மணி கோத்தது போல வீங்கும்.

ஓர் அட்டைச் சட்டத்தில் செங்குத்துக் கயிறுகளைச் சரியான விரிவில், மேலே குவிந்து கீழே விரியுமாறு, கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். சட்டத்தின் இரு ஓரத்திலும் 2 மி.மீ.க்கு ஒரு கீறல். நிஜத்தில் இது 15 அங்குலம், மாலுமியின் படி உயரம். கிடைக்கும் கம்பிகளில் மிக மெல்லியதை அந்தக் கீறல்களில் மாட்டி முன்னும் பின்னுமாகச் சுற்றினால் குறுக்குக் கயிறுகள் செங்குத்துக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நீர்த்த ஷெல்லாக்கை (அரக்குக் கரைசல்) தூரிகை நுனியில் எடுத்து ஒவ்வொரு சந்திப்பிலும் தொடுங்கள். அது தானாக உறிஞ்சிக்கொண்டு போய்ப் பிடிக்கும். ஒரு நாள் காயவிட்டு, புது பிளேடால் ஓரங்களை வெட்டினால் முழு ஏணியும் ஒரே துண்டாகக் கையில் வரும்.

பாய் விரித்து வைக்கலாமா?

நிஜப் பாய்த்துணியின் தடிமனை இந்த ஸ்கேலில் எந்தத் துணியும் தராது. மெல்லிய தாளில் செய்யலாம், சுருட்டிக் கட்டியதாகக் காட்டலாம், இல்லாமலே விடலாம். இல்லாமல் விட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: பாய் விரிக்காதபோது மேல் பறுவான்கள் உயரத்தில் இருக்காது, கீழே இறக்கியிருப்பார்கள். வெறும் பறுவான்களை உச்சியில் மாட்டிய மாதிரிகள் ஏராளம்.

வண்ணம் பூசும்போது?

பளபளப்பு கூடாது. முழுக் கறுப்பு, முழு வெள்ளை இரண்டும் கூடாது. தூரத்திலிருந்து பார்க்கும் கப்பலில் கறுப்பு அடர்சாம்பலாகத்தான் தெரியும். சிறிய மாதிரி என்றாலே தூரத்துக் கப்பல்.

இரும்புக் கால போர்க்கப்பல் செய்யலாமா?

தாராளமாக. 1906இன் எச்.எம்.எஸ். டிரெட்நாட் 527 அடி, 1:1200இல் 13.4 செ.மீ., 1:700இல் 23 செ.மீ. உடலுக்கு அதே அடுக்கு முறை, மேலே பித்தளைத் தகடும் பிளாஸ்டிக் தகடும். புகைப்படங்கள் உண்டு என்பதால் ஊகம் குறைவு. முக்காலி போல மூன்று கால்களில் நிற்கும் அதன் முன் பாய்மரம் முதல் புகைபோக்கிக்குப் பின்னால் இருந்தது. மேலே காவல் நின்றவர்கள் புகையில் வெந்தார்கள். அதனால் அழகாக இருக்கட்டும் என்று முன்னால் தள்ளி வைத்துவிடாதீர்கள், தவறுதான் அசல். 1:1200இல் 12 அங்குலப் பீரங்கியின் குழல் 11 மி.மீ. நீளம், துளை கால் மி.மீ. கைப்பிடிக் கம்பிகளை அந்த அளவில் நான் விட்டுவிடுவேன்.

3டி பிரிண்ட் செய்தால் ஏமாற்று வேலையா?

இல்லை, நீங்களே வடிவத்தை வரைந்திருந்தால். அடுத்தவர் கோப்பை இறக்கி அச்சிட்டால் அது கிட்தான். எதை எப்படிச் செய்தீர்கள் என்று பெயர்ப் பலகையிலோ குறிப்பிலோ எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

பசை?

மரத்துக்கு வெள்ளைப் பசை, கம்பிக்கு ஷெல்லாக், உலோகத்துக்கு எப்பாக்ஸி. உடனடிப் பசையை அவசரத்துக்கு மட்டும். சுற்றிலும் வெள்ளைப் படலம் பூத்துவிடும்.

கண்ணுக்கும் உடம்புக்கும் கெடுதலா?

நல்ல வெளிச்சமும் தலையில் மாட்டும் உருப்பெருக்கியும் இருந்தால் கண் தாங்கும். அடிக்கடி நிமிர்ந்து தூரத்தில் எதையாவது பாருங்கள். தூசி விஷயத்தில் கவனம் தேவை. கருங்காலி போன்ற மரங்களின் தூசி சிலருக்கு மூச்சுக்கும் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு தேயுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூக்கிறதே, ஏன்?

ஈயம். சில மரங்களும், குறிப்பாக ஓக், சில பசைகளும் வண்ணங்களும் மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி ஈயத்தைத் தாக்கி ஈயக் கார்பனேட் பொடியாக்கிவிடும். நங்கூரமும் பீரங்கியும் உதிர்ந்தே போனது உண்டு. பொடி நச்சு, ஊதித் தள்ளாதீர்கள். வந்த பிறகு மருந்தில்லை, அந்தப் பாகத்தைப் பித்தளையில் மாற்ற வேண்டியதுதான். புதிதாகச் செய்பவர்கள் ஈயத்தைத் தொடவே வேண்டாம். பெட்டியை ஓக்கில் செய்யாமல், அடியில் காற்று புக மெல்லிய துணி மூடிய துளைகள் சில விடுங்கள். நேர் வெயில் படும் இடம் ஆகாது.

எவ்வளவு நாள் ஆகும்?

வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் பிரிக் ஒன்றுக்குப் பல மாதங்கள். மூன்று தளக் கப்பலுக்குச் சில ஆண்டுகள். கயிறு வேலை உடல் வேலையைவிட நீளும் என்று முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த கப்பலை வேறு ஊருக்கு எப்படி எடுத்துப் போவது?

சுற்றிப் பொதியவே கூடாது. கயிற்றில் படும் எதுவும் கயிற்றை அறுக்கும். உடலைச் செதுக்கும்போதே அடியில் இரண்டு திருகுக்கான துளை போட்டு, பீடத்தில் திருகிவிடுங்கள். பீடத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு பிணைத்து, அந்தப் பெட்டியை நாலாபுறமும் ஸ்பாஞ்சு வைத்த பெரிய பெட்டிக்குள் இறக்குங்கள். எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போடுங்கள். முடிந்தால் பார்சலில் அனுப்பாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.